"சார்பாக" என்ற சொல்லை அடித்துவிடுங்கள்: தொழிற்சங்கச் சம்மேளனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சம்மேளனங்களின் தலைவர்கள், பொதுச்செயலாளர்கள், சட்டக் குழுத் தோழர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

சங்கங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. கோரிக்கை மனு, சமரசப் பேச்சுக்கான மனு, மேல்முறையீடு, எப்போதாவது ஒருமுறை நாட்டு எல்லையைத் தாண்டிப் போகிற முறையீடு. நான் எழுதியவற்றில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "கீழே கையொப்பமிட்டுள்ள தொழிலாளர்கள் சார்பாக..." அந்தச் 'சார்பாக' பற்றித்தான் இந்த மடல். அது பணிவான சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சங்கத்தையே வழக்கிலிருந்து வெளியே தள்ளிவிடும் சொல் என்று புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று.

புரிந்ததும் என் தவறினால்தான். ஒரு சங்கத்தின் அங்கீகாரம் ரத்தானது. அலுவலக அறைக்குப் பூட்டு. சந்தாப் பிடித்தம் நின்றது. 43 பேர் வேலையிழந்தார்கள். அந்த 43 பேரின் பெயரில் மனு எழுதினேன். சங்கத்தின் பெயர் மனுவில் ஒரே ஒரு இடத்தில், பொதுச்செயலாளரின் கையெழுத்துக்குக் கீழே ரப்பர் முத்திரையாக மட்டும் இருந்தது. வழக்கு இழுத்தது. ஒருவருக்கு அறுவை சிகிச்சை, ஒருவருக்கு வீட்டுக் கடன், ஒருவர் ஓய்வு வயதைத் தொட்டுவிட்டார். நிர்வாகம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கணக்கு முடித்தது. யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடைசித் தீர்ப்பு வந்த நாளில் மிஞ்சியவர்கள் 5 பேர், அவர்களுக்கும் மேலே போகத் தெம்பில்லை. "சங்கம் போகட்டுமே" என்றார் தலைவர். சர்வதேச வழக்குகள் நடத்திய மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் கோப்பைக் கொடுத்தோம். புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "உள்நாட்டில் சங்கம் தனக்காக என்ன கேட்டது?"

ஒன்றுமே கேட்கவில்லை. பூட்டிய அறையைத் திறக்கச் சொல்லிக்கூட யாரும் கேட்கவில்லை. நான் எழுதவில்லை, அதனால் யாரும் கேட்கவில்லை.

சர்வதேச மனித உரிமை நீதிமன்றங்களில் தொழிற்சங்கத்துக்கு வழக்காடும் தகுதி உண்டா? வக்கீல்கள் 'லோகஸ்' என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். உண்டு, இல்லை, பாதி உண்டு என்று வாசலுக்கு வாசல் பதில் மாறும். எந்த வாசலில் எந்தப் பதில் என்று தெரியாமல் படியேறுவதால்தான் நாம் திரும்பி வருகிறோம்.

ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலிருந்து தொடங்குகிறேன். அதன் மனுப் படிவத்தின் முதல் பகுதியில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று தனிநபருக்கு: பெயர், பிறந்த தேதி, குடியுரிமை. இன்னொன்று அமைப்புக்கு: அமைப்பின் பெயர், பதிவு எண், பதிவான தேதி, என்ன செய்கிறது, பதிவு முகவரி. மனிதருக்குப் பிறந்த நாள் கேட்கும் இடத்தில் அமைப்புக்குப் பதிவு நாள் கேட்கிறார்கள். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 34-ஆம் பிரிவு தனிநபர், அரசு சாரா அமைப்பு, தனிநபர்களின் குழு ஆகிய மூவருக்கும் வழிவிடுவதால் வந்த கட்டம் அது. நீதிமன்றக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மனுதாரர் "பாதிக்கப்பட்டவர்" ஆக இருக்க வேண்டும்.

நாம் தடுக்கி விழுவது இந்த ஒற்றைச் சொல்லில்தான். அயர்லாந்தில் சில அமைப்புகளின் பிரதிநிதிகளை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேட்டி காணக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டிருந்தது. ஒலிபரப்பு ஊழியர்களோடு சேர்ந்து அவர்களுடைய சங்கங்களும் ஸ்ட்ராஸ்பர்க் போயின. அப்போது முதல் சல்லடையாக இருந்த ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் 1991-இல் சங்கங்களைத் தனியே பிரித்து வெளியே நிறுத்தியது. உத்தரவு ஊழியர்களின் பேச்சுரிமையைத் தொடுகிறது, சங்கத்தின் உரிமை எதையும் தொடவில்லை, உறுப்பினர்களின் கூட்டு நலனுக்குத் தான் காவல் என்று சங்கம் கருதுவது மட்டும் அதைப் பாதிக்கப்பட்டவராக ஆக்கிவிடாது என்பது அதன் நிலை. உறுப்பினரின் காயத்தைக் காட்டி சங்கம் அழுதால் அங்கே செல்லாது. தன் காயத்தைக் காட்ட வேண்டும்.

காட்டியவர்களுக்குக் கதவு திறந்தே இருந்திருக்கிறது. பெல்ஜியத்தின் தேசிய போலீஸ் சங்கம் 1975-இல், ஸ்வீடனின் ரயில் எஞ்சின் ஓட்டுநர் சங்கம் 1976-இல் தங்கள் பெயரிலேயே தீர்ப்பு வாங்கின. இரண்டும் தோற்றன. ஆனால் சங்கத்தின் குரல் காதில் விழ வேண்டும் என்பது உரிமை, எந்த வழியில் கேட்பது என்பது அரசின் விருப்பம் என்ற அளவுக்காவது ஒரு வாசகம் கிடைத்தது. அரைக் கிணறு தாண்டிய வாசகம் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான்.

2002-இல் வந்தது எனக்கு மிகவும் பிடித்த வழக்கு. பிரிட்டனில் சில முதலாளிகள் தொழிலாளிகளிடம் போய், 'சங்கம் உனக்காகப் பேசுவதை விட்டுக்கொடுத்துத் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, சம்பளம் ஏறும்' என்றார்கள். யாரையும் அடிக்கவில்லை, நீக்கவில்லை. பணத்தைக் காட்டிக் கேட்டார்கள், அவ்வளவுதான். உள்நாட்டுச் சட்டமும் அதை அனுமதித்தது. வில்சன் என்ற பத்திரிகையாளரும் மற்றத் தொழிலாளிகளும் தேசியப் பத்திரிகையாளர் சங்கம், ரயில்-கடல்-போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் ஆகியவற்றோடு சேர்ந்து போனார்கள். தொழிலாளிகளின் உரிமையும் மீறப்பட்டது, சங்கங்களின் உரிமையும் மீறப்பட்டது என்று நீதிமன்றம் இரண்டையும் சொன்னது. ஒரே காகிதம் இரண்டு பேரைக் காயப்படுத்தியிருக்கிறது: கையெழுத்து மறுத்தவன் சம்பள உயர்வை இழந்தான், சங்கம் தன் பேரம் பேசும் இடத்தை இழந்தது. இந்த இரண்டாவது காயத்தைத்தான் நாம் மனுவில் எழுதுவதே இல்லை.

துருக்கி நகராட்சி ஊழியர்களின் 'டூம் பெல் சென்' சங்கத்தின் கதை இன்னும் ஒரு படி மேலே. காசியான்டெப் நகராட்சியோடு 1993-இல் கூட்டு ஒப்பந்தம் போட்டார்கள். நகராட்சி நிறைவேற்றவில்லை, சங்கம் வழக்குப் போட்டது. கடைசியில் அந்நாட்டின் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம், சங்கம் தொடங்கிய காலத்தில் அரசு ஊழியர் சங்கம் அமைக்கச் சட்டமே இல்லை, ஆகவே அந்தச் சங்கத்துக்குச் சட்டப்படி இருப்பே இல்லை, ஒப்பந்தமும் இல்லை என்று முடித்தது. ஒப்பந்தத்தால் கிடைத்த கூடுதல் பணத்தை உறுப்பினர்கள் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று. சட்டத்தின் கண்ணில் பிறக்கவே பிறக்காத சங்கம் எப்படி வழக்குப் போடும்? தலைவி பாய்க்காரா சங்கத்துக்காகவும், உறுப்பினர் டெமிர் தனக்காகவும் ஸ்ட்ராஸ்பர்க் போனார்கள். 2008 நவம்பர் 12 அன்று அந்த நீதிமன்றத்தின் பெரும் அமர்வு, சங்கம் அமைக்கும் உரிமைக்குள் கூட்டுப் பேரமும் அடக்கம் என்றது. 1976-இல் சொன்னதிலிருந்து தானே நகர்ந்தது. நிவாரணமாக டெமிருக்கு 500 யூரோ. சங்கத்துக்கு, அதன் தலைவி வழியாகக் கொடுக்கச் சொல்லி, 20,000 யூரோ. உள்நாட்டில் இருப்பே இல்லை என்று சொல்லப்பட்ட சங்கத்துக்கு நஷ்ட ஈடு எழுதிக் கொடுத்த தீர்ப்பு அது.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் கணக்கு வேறு. அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஒப்பந்தம் முதல் பிரிவிலேயே "நபர் என்றால் மனிதர்" என்று வரையறுத்துவிடுகிறது. கம்பெனிக்கு அங்கே இடமில்லை. எனக்கு இதில் வருத்தம் கிடையாது. ஸ்ட்ராஸ்பர்க்கில் யூகோஸ் எண்ணெய் நிறுவனத்தின் வழக்கில் அதன் பங்குதாரர்களுக்கு ரஷ்யா 186 கோடி யூரோவுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று 2014-இல் உத்தரவானது. அதை டூம் பெல் சென்னின் 20,000-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் கம்பெனியைத் தடுக்கப் போட்ட வேலி சங்கத்தையும் சேர்த்துத் தடுத்துக்கொண்டிருந்தது.

அது எவ்வளவு பொருந்தாத வேலி என்பதற்கு பனாமாவின் பாயேனா ரிகார்தோ வழக்கு. 1990 டிசம்பர் 4 அன்று அரசு நிறுவனத் தொழிலாளர்களின் பேரணி, மறுநாள் வேலைநிறுத்தம். பத்து நாள் கழித்து, டிசம்பர் 14 அன்று, 25-ஆம் எண் சட்டம் பிறந்தது. பிறந்தது 14-ஆம் தேதி, அமலுக்கு வந்ததோ 4-ஆம் தேதியிலிருந்து. அதை வைத்து நீக்கியவர்களில் 270 பேர் வழக்கில் நின்றார்கள். 2001 பிப்ரவரி 2 அன்று, கோஸ்டா ரிக்காவின் சான் ஹோசேயில் இருக்கும் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சங்க அலுவலகங்களும் வங்கிக் கணக்குகளும் அரசின் கைக்குப் போனதையும், நீக்கப்பட்டவர்களில் பலர் சங்க நிர்வாகிகள் என்பதையும் தீர்ப்பிலேயே எழுதியது. ஆனால் பாதிக்கப்பட்டவர் பட்டியலில் இருந்தது 270 மனிதப் பெயர்கள். வங்கிக் கணக்கை இழந்த சங்கம் அந்தப் பட்டியலில் இல்லை. கணக்குப் புத்தகம் யாருடையது, அதை இழந்தது யார் என்ற கேள்வி அந்தரத்தில் நின்றது.

பெருவில் பொதுத் தொழிலாளர் சம்மேளனத்தின் பொதுச்செயலாளர் பெத்ரோ வீல்கா 1992 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005-இல் அந்த வழக்கில் சான் ஹோசே, சங்கம் சேரும் உரிமைக்குத் தனிமனித முகமும் சமூக முகமும் இருக்கிறது, ஒரு தலைவரைக் கொல்வது மற்றவர்களின் வாயையும் அடைக்கும் என்று ஒப்புக்கொண்டது. அந்தச் சமூக முகத்துக்கு ஒரு நாற்காலி போட அடுத்த பதினோரு வருடம் தேவைப்பட்டது.

நாற்காலி போடச் சொல்லிக் கேட்டது யார் தெரியுமா? பனாமாவேதான். ஒரு நாடு தனக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கிய அதே நீதிமன்றத்திடம் 2014-இல், சட்ட அமைப்புகளுக்கு இங்கே உரிமை உண்டா என்று ஆலோசனைக் கருத்துக் கேட்டது. 2016 பிப்ரவரி 26 அன்று வந்த 22-ஆம் ஆலோசனைக் கருத்து, பொதுவாக இல்லை என்றது. இரண்டு விதிவிலக்கு வைத்தது. ஒன்று பழங்குடிச் சமூகங்கள். மற்றொன்று தொழிற்சங்கங்கள், சம்மேளனங்கள், மகாசம்மேளனங்கள். இவை தங்கள் பெயரில், தங்கள் உரிமைக்காக அந்த அமைப்பை அணுகலாம்.

எதை வைத்துச் சொன்னது என்பதுதான் நமக்குப் பாடம். 1988-இல் உருவாகி 1999-இல் நடைமுறைக்கு வந்த, அமெரிக்க நாடுகளின் ஒப்பந்தத்துக்குத் துணையான சான் சால்வடோர் நெறிமுறையின் 8-ஆம் பிரிவு, தொழிலாளிக்குச் சங்கம் சேரும் உரிமையைக் கொடுத்துவிட்டு, அரசுகள் சங்கங்களையும் சம்மேளனங்களையும் சுதந்திரமாக இயங்க விட வேண்டும் என்று கூடவே சொல்கிறது. வாக்கியத்தில் உரிமை பெறுவது சங்கம். உரிமை கொடுத்துவிட்டு அதைக் கேட்க வாய் கொடுக்காமல் இருக்க முடியாது என்று நீதிமன்றம் படித்தது. எழுவாய் யார் என்று பார்த்ததில் பிறந்த தகுதி இது.

சந்தோஷத்தோடு இரண்டு எச்சரிக்கை. அந்த நெறிமுறையை ஏற்ற நாடுகளுக்கு எதிராக மட்டுமே இது செல்லும். அடுத்தது, நெறிமுறையின் 19-ஆம் பிரிவு தனி முறையீட்டுக்குத் திறந்துவிடுவது 8-இன் 'அ' உட்பிரிவை மட்டும்; வேலைநிறுத்த உரிமை இருப்பதோ 'ஆ' உட்பிரிவில். யாரோ பென்சிலால் கோடு போட்டுச் சங்கத்தை உள்ளேயும் அதன் ஆயுதத்தை வெளியேயும் வைத்த மாதிரி. (நீதிமன்றம் பிறகு வேறு பிரிவு வழியாக வேலைநிறுத்தத்தையும் உள்ளே கொண்டுவந்தது, 2021-இல் தந்த 27-ஆம் ஆலோசனைக் கருத்தைச் சட்டக் குழுத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும்.) சங்கம் நேரே சான் ஹோசே போகவும் முடியாது. வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்தில் முறையிட வேண்டும், நீதிமன்றத்துக்கு அனுப்புவது ஆணையமோ அரசோதான்.

ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் தான்சானியாவின் அருஷாவில் இருக்கிறது. நாடு தனியாக ஒரு பிரகடனம் செய்திருந்தால்தான் தனிநபரோ அமைப்போ நேரடியாகப் போக முடியும். அமைப்பு என்றால் ஆப்பிரிக்க ஆணையத்திடம் பார்வையாளர் தகுதி வாங்கியிருக்க வேண்டும். பிரகடனம் செய்த நாடுகளே ருவாண்டா, தான்சானியா, பெனின், கோத் திவுவார் என்று பின்வாங்கியிருக்கின்றன. ஆசியாவுக்கு இப்படியொரு நீதிமன்றமே கிடையாது.

ஜெனீவாவில் இருக்கும் இரண்டு வாசல்களை மட்டும் சேர்த்துப் பாருங்கள், சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஐ.நா. மனித உரிமைக் குழு தனிநபரின் முறையீட்டை மட்டும் எடுக்கும். சங்கம் வெளியே நிற்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சங்கச் சுதந்திரக் குழு, 1951 முதல் நடப்பது, சங்கங்களின் புகாரை எடுக்கும். தனித் தொழிலாளி வெளியே நிற்க வேண்டும். சங்கச் சுதந்திரம், கூட்டுப் பேரம் பற்றிய அதன் 87, 98-ஆம் உடன்படிக்கைகளை நாடு ஏற்காவிட்டாலும் அங்கே புகார் கொடுக்கலாம் என்பதால், பிராந்திய நீதிமன்றம் இல்லாத நாட்டுச் சங்கங்களுக்கு அதுதான் பெரிய வாசல். தீர்ப்பு வராது, பரிந்துரைதான் வரும்.

அந்தப் பரிந்துரைக்கு ஒரு விலையும் உண்டு. பிரிட்டனின் சிறை அதிகாரிகள் சங்கம் தங்களுக்கு விதிக்கப்பட்ட வேலைநிறுத்தத் தடையை எதிர்த்து முதலில் சங்கச் சுதந்திரக் குழுவிடம் போனது. பிறகு ஸ்ட்ராஸ்பர்க் போனபோது, 2013-இல், இதே விஷயம் வேறொரு சர்வதேச மன்றத்தில் ஏற்கனவே பார்க்கப்பட்டுவிட்டது என்று மனுவை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கூட மனுச் செய்த தனிநபர்களும் சங்க நிர்வாகிகள்தான், வேறு ஆட்கள் இல்லை என்று அவர்களையும் சேர்த்தே திருப்பினார்கள். எல்லாக் கதவையும் தட்டி வைப்போம், எது திறந்தாலும் லாபம் என்று நம் கூட்டங்களில் சொல்வோம் அல்லவா? எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து விவாதியுங்கள். தட்டிய பிறகு விவாதித்துப் பயனில்லை.

ஐரோப்பாவில் இருக்கும் தோழர்களுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி: வேலை, சமூக உரிமைகளுக்கான ஒப்பந்தமான ஐரோப்பியச் சமூக சாசனத்தின் கூட்டு முறையீட்டு முறை. 1995-இல் எழுதி 1998-இல் அமலுக்கு வந்தது. பிரதிநிதித்துவச் சங்கம் தன் பெயரில் போகலாம், பாதிக்கப்பட்டவர் என்று நிரூபிக்க வேண்டாம், உள்நாட்டு நீதிமன்றங்களை முடித்துவிட்டு வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதை ஏற்ற நாடுகள் குறைவு என்பதைத் தவிர எனக்கு அதில் குறை தெரியவில்லை.

உங்களில் சிலர் என்னிடம் நேரிலேயே சொன்ன மறுப்பு ஒன்று உண்டு. உரிமை தெருவில் வருவது, நீதிமன்றத்தில் வருவதில்லை. தோற்ற கணக்கை எடுத்தால் உங்கள் பக்கம் பலமாகத்தான் இருக்கிறது. ஆதரவு வேலைநிறுத்தத் தடையை எதிர்த்து பிரிட்டனின் ரயில் சங்கம் 2014-இல் தோற்றது. கப்பல் சரக்கு வேலை தொடர்பான புறக்கணிப்புக்காக நார்வேயின் சம்மேளனம் 2021-இல் தோற்றது. ஜெர்மன் அரசு ஊழியத் தகுதியுள்ள ஆசிரியர்கள் வேலைநிறுத்த உரிமை கேட்டு 2023 டிசம்பரில் பெரும் அமர்விலேயே தோற்றார்கள். ஆனால் முதல் இரண்டு வழக்கிலும் சங்கம் மனுதாரராக உட்கார்ந்து தோற்றது, அதை யாரும் வாசலில் நிறுத்திக் கேட்கவில்லை. நான் எழுதிய 43 பேரின் வழக்கு தோற்றதால் நிற்கவில்லை. ஆள் தீர்ந்துபோய் நின்றுவிட்டது. சங்கத்துக்கு ஓய்வு வயது கிடையாது, வீட்டுக் கடனும் கிடையாது.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். உள்நாட்டில் போடும் முதல் மனுவிலேயே சங்கத்தைத் தனி மனுதாரராகச் சேருங்கள், முதல் மனுதாரராகவே சேருங்கள். சங்கத்துக்கு நேர்ந்ததைத் தனிப் பத்தியில் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை உறுப்பினர் குறைந்தார்கள், எத்தனை மாதச் சந்தா நின்றது, எந்த ஒப்பந்தம் செல்லாமல் போனது, அறை எந்தத் தேதியில் பூட்டப்பட்டது, சாவி யாரிடம் இருக்கிறது. நிவாரணத்தையும் சங்கத்துக்கென்று தனியாகக் கேளுங்கள். உள்நாட்டில் கேட்காததை வெளியே போய்க் கேட்டால், ஏன் அங்கே கேட்கவில்லை என்பார்கள். காலக்கெடுவை யாராவது ஒருவர் பொறுப்பெடுத்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்ட்ராஸ்பர்க்கில் முன்பு ஆறு மாதம் இருந்தது, 2022 பிப்ரவரி 1 முதல் நான்கு மாதம்தான். பதிவுச் சான்றிதழ், சட்டதிட்டம், நிர்வாகிகள் தேர்தல் பதிவு, தீர்மானப் புத்தகம் இவற்றின் நகலை அலுவலகத்துக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். அறையைப் பூட்ட வருகிறவர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வரவு செலவுக்கு முன்னால் இதை வையுங்கள். தீர்மானத்தின் வாசகம் நானே தருகிறேன், திருத்திக்கொள்ளுங்கள்: "சங்கத்தின் உரிமை பாதிக்கப்படும் எந்த விஷயத்திலும், உறுப்பினர்களோடு சேர்ந்தும் தனித்தும், சங்கம் தன் பெயரிலேயே வழக்குத் தொடரவும், அதற்குப் பொதுச்செயலாளர் கையொப்பமிடவும் இக்குழு அதிகாரம் அளிக்கிறது." முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரையும் தேதியையும் எழுத மறக்காதீர்கள். அந்தப் பக்கத்தின் நகலைப் பிறகு என்னிடம் கேட்பார்கள்.

தோழமையுடன்,
உங்கள் மனுக்களை எழுதும் ஒருவன்